நூற்றுக்கு ஐந்து: மருந்தை எடை போட்ட கணக்கு மேதை

ரொனால்டு பிஷர் டாக்டர் அல்ல. அவர் யாருக்கும் மருந்து கொடுத்தது இல்லை. ஊசி போட்டது இல்லை. ஆனாலும் இன்று உலகத்தின் எந்த மூலையில் ஒரு புது மருந்து சோதிக்கப்பட்டாலும் அங்கே அவருடைய கணக்கு வந்து நிற்கிறது.

மருந்து உண்மையில் வேலை செய்ததா? அல்லது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் ஒரு வழி சொன்னார். அந்த வழியால் உலகத்துக்குப் பெரும் நன்மை விளைந்தது. அதைத் தப்பாகப் புரிந்து கொண்டதால் கெடுதலும் விளைந்தது. வழி சொன்ன மேதையே கடைசிக் காலத்தில் ஒரு பெரிய விஷயத்தில் தவறினார்.

தாயை இழந்த சிறுவன்

பிஷர் 1890-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி லண்டனில் பிறந்தார். அவருடன் இரட்டையாகப் பிறந்த குழந்தை உயிர் இல்லாமல் பிறந்தது. தந்தை, கலைப் பொருள்களை ஏலம் விடும் கம்பெனி ஒன்றில் பங்குதாரர். வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை.

பிஷருக்கு 14 வயது ஆனபோது தாய் இறந்தார். சிறிது காலத்தில் தந்தையின் வியாபாரமும் நொடித்துப் போயிற்று. உபகாரச் சம்பளத்தின் உதவியால் பிஷர் படிப்பைத் தொடர்ந்தார்.

அவருக்குக் கண் பார்வை மிக மோசம். மின்சார விளக்கு வெளிச்சத்தில் படிக்கவே கூடாது என்று டாக்டர்கள் தடை விதித்தார்கள். ஆகவே மாலை வேளைகளில் ஆசிரியர் வாயால் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பிஷர் காகிதமும் பென்சிலும் இல்லாமல் மனதுக்குள்ளேயே படம் போட்டுப் பார்த்து விடை சொல்லுவார். இந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை. பெரியவர் ஆன பிறகும் அவர் விடையை எழுதி விடுவார். எப்படி வந்தது என்பது மற்றவர்களுக்குப் புரியாது.

1909-ல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1912-ல் கணிதத்தில் பட்டம் பெற்றார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பட்டாளத்தில் சேர விரும்பிப் போனார். கண் பார்வையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பி விட்டார்கள். போர் முடியும் வரை பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தார். 1917-ல் அவருக்குத் திருமணம் ஆயிற்று.

வயல்காட்டில் பிறந்த கணக்கு

லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே 1843-ம் ஆண்டு முதல் உரங்களைப் போட்டுச் சோதித்து வந்தார்கள். எந்த வருஷம் எவ்வளவு மழை, எந்த வயலில் எவ்வளவு கோதுமை என்ற விவரங்கள் புத்தகம் புத்தகமாகக் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய்ந்து பார்க்க 1919-ல் பிஷரை அழைத்தார்கள்.

பிஷர் ஒரு குறையைக் கண்டார்.

ஒரு வயலில் உரம் போடுகிறார்கள். பக்கத்து வயலில் போடவில்லை. முதல் வயலில் விளைச்சல் கூடுகிறது. உரத்தினால் கூடியது என்று எப்படிச் சொல்லுவது? அந்த வயலின் மண்ணே நல்ல மண்ணாக இருக்கலாம். தண்ணீர் நன்றாகப் பாய்ந்து இருக்கலாம்.

இதற்குப் பிஷர் சொன்ன வழி எளிது. நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு உரம், எந்தப் பாத்திக்கு இல்லை என்பதை மனிதன் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். அப்போது நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் பாரபட்சம் இல்லாமல் இரண்டு பக்கமும் விழும்.

ஆனாலும் குலுக்கலில் ஏதோ அதிர்ஷ்டத்தால் நல்ல பாத்திகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து விடலாம் அல்லவா? அது எவ்வளவு அபூர்வம் என்பதைக் கணக்குப் போட முடியும் என்றார் பிஷர்.

எட்டுக் கோப்பைத் தேநீர்

இந்தக் கணக்கை அவர் ஒரு தேநீர்ச் சம்பவத்தால் விளக்கினார்.

அதே பண்ணையில் மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, முதலில் தேநீர் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்ல முடியும் என்று அவர் கூறினார். மற்றவர்கள் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு ஆயிற்று.

பிஷர் இந்தச் சோதனையை 1935-ல் வெளியான தம் புத்தகத்தில் விவரித்தார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில். நான்கில் தேநீர் முதலில். கோப்பைகளை முறை இல்லாமல் கலந்து கொடுக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அந்தப் பெண்மணி பொறுக்கி எடுக்க வேண்டும்.

எட்டில் இருந்து நான்கை 70 விதமாகப் பொறுக்கலாம். அவற்றில் முழுவதும் சரியானது ஒன்றே ஒன்று. ஆகவே சுவையே தெரியாத ஒருவர் குருட்டாம்போக்கில் எடுத்து, நான்கையும் சரியாகச் சொல்லுவது 70 தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும். அது மிக அபூர்வம். ஆகவே அவர் திறமையை மதிக்க இடம் உண்டு.

நான்கில் ஒன்று தவறினால்? மூன்று சரி, ஒன்று தப்பு என்பது 70-ல் 16 விதமாக வரலாம். முழுவதும் சரியானதையும் சேர்த்தால் 17. அதாவது நூற்றுக்குச் சுமார் 24. இவ்வளவு சுலபமாக அதிர்ஷ்டத்தால் வருவதைத் திறமை என்று ஒப்புக் கொள்ள முடியாது.

பெண்மணி ஜெயித்தாரா என்பதைப் பிஷர் அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. சோதனையை நடத்தும் முறைதான் அவருக்கு முக்கியம்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

இதற்கு முன்பே, 1925-ல், ஆராய்ச்சியாளர்களுக்காக அவர் ஒரு புள்ளி விவர நூல் எழுதி இருந்தார். அதில்தான் நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை பிரபலம் ஆயிற்று.

ஒரு மருந்தில் சத்தே இல்லை என்று வைத்துக் கொள்ள வேண்டும். அப்படி இருந்தும் வெறும் தற்செயலால் இந்த அளவு வித்தியாசமோ, அதைவிடப் பெரிய வித்தியாசமோ வருவது எவ்வளவு அபூர்வம் என்று பார்க்க வேண்டும். நூறு தடவைக்கு ஐந்து தடவைக்கும் குறைவாகவே வரும் என்றால், அந்த முடிவைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியைத் தொடர வேண்டும்.

இத்தகைய முடிவுக்கு ஆங்கிலத்தில் சிக்னிபிகன்ட் என்று பெயர். பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு முக்கியமானது என்று அர்த்தம். கணக்கிலோ, தற்செயல் என்று சுலபமாகத் தள்ள முடியாதது என்பதே அர்த்தம். பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு இந்த ஒரு சொல்லே விதை ஆயிற்று.

நூற்றுக்கு ஐந்து என்பது பிஷர் சௌகரியத்துக்காக வைத்துக் கொண்ட எல்லை. ஒரு தடவை எல்லையைத் தாண்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. நன்றாக அமைத்த சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அநேகமாக ஒவ்வொரு தடவையும் அதே பலன் தெரிய வேண்டும். அப்போதுதான் உண்மை நிலைபெற்றது என்று கொள்ளலாம். இதை 1926-லேயே அவர் எழுதினார்.

வயலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு

சீட்டுக் குலுக்கும் முறை விரைவில் வைத்திய உலகத்துக்கும் வந்தது. பிரிட்டனில் பிராட்போர்டு ஹில் என்ற புள்ளி விவர நிபுணரின் யோசனைப்படி காச நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து சோதிக்கப்பட்டது. யாருக்கு மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 14 பேர் இறந்தார்கள். 1948-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

அந்த வழி சென்னைக்கும் வந்தது. காச நோய்க்கு மருத்துவ மனையில் தங்கித்தான் சிகிச்சை பெற வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதாதா என்ற சோதனை 1956-ல் சென்னையில் தொடங்கியது. இதிலும் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்ற முடிவு 1959-ல் வெளியாயிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரும் விடிவு. உலகம் முழுவதும் காச நோய்ச் சிகிச்சை முறையே மாறியது.

புகழும் கறையும்

பிஷரின் புகழ் ஓங்கியது. 1933-ல் லண்டனிலும், 1943-ல் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1952-ல் சர் பட்டம் வந்தது. இந்தியாவுடனும் அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளி விவர மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். இந்தியக் கணித மேதை சி.ஆர்.ராவ் கேம்பிரிட்ஜில் அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்.

துக்கமும் வந்தது. 1943-ல் அவருடைய மூத்த மகன் ஜார்ஜ், போர் விமானியாக இருந்து உயிர் இழந்தார்.

பிஷர் முன்கோபக்காரர். தம் கருத்தை மறுத்தவர்களைச் சுலபத்தில் மன்னிக்க மாட்டார். மனிதர்களில் உயர்ந்த வம்சம், தாழ்ந்த வம்சம் என்று பிரித்து, உயர்ந்தவர்களே பெருக வேண்டும் என்ற கொள்கையையும் அவர் ஆதரித்தார். அந்தக் கொள்கை பல நாடுகளில் எளியவர்களுக்குக் கொடுமையாக முடிந்தது. இதனால் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரி, அவர் நினைவாக வைத்து இருந்த கண்ணாடி ஜன்னலை அகற்ற 2020-ல் முடிவு செய்தது.

புகையிலையும் பிடிவாதமும்

1950-ல் பிரிட்டனில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் இருவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்று நோய் கண்ட ஆண்கள் 649 பேரை விசாரித்தார்கள். அவர்களில் புகை பிடிக்காதவர்கள் 2 பேர்தான். வேறு நோய்களுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த ஆண்கள் 649 பேரில் புகை பிடிக்காதவர்கள் 27 பேர். இது தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம் அல்ல.

பிஷர் இதை எதிர்த்தார். 1957 முதல் பத்திரிகைகளில் எழுதினார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகி விடாது என்பது அவர் வாதம். புகை பிடிக்கும் ஆசையும் புற்று நோயும் ஒரே பரம்பரைக் கூறினால் வரலாம் அல்லவா என்று கேட்டார்.

வாதத்தின் முதல் பாதி முற்றிலும் சரி. தற்செயல் அல்ல என்று கணக்குக் காட்டும். ஆனால் காரணம் எது என்று அது மட்டும் காட்டி விடாது. இதை எந்த மாணவனும் மறக்கக் கூடாது.

ஆனால் பிஷர் அங்கேயே நின்று விட்டார். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை முப்பது வருஷம் புகை பிடிக்கச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேறு ஆதாரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதிகம் புகைத்தவர்களுக்கு அதிக ஆபத்து இருந்தது. நிறுத்தியவர்களுக்கு ஆபத்து குறைந்தது. பல நாடுகளிலும் அதே கதை. புகைப்பவர்களுக்கு இந்த நோய் சுமார் 9 மடங்கு அதிகம். பரம்பரைக் கூறு ஒன்றே இதற்குக் காரணம் என்றால், அந்தக் கூறு புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். இதை அமெரிக்காவின் ஜெரோம் கார்ன்பீல்டும் அவருடைய கூட்டாளிகளும் 1959-ல் எடுத்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட கூறு எதுவும் கண்டு பிடிக்கப்படவில்லை.

பிஷர் மனம் மாறவில்லை. அவர் பைப்பில் புகைப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் சங்கத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். பணத்துக்காக அவர் பேசவில்லை என்று அவருடன் பழகியவர்கள் எழுதினார்கள். எப்படி இருந்தாலும், மேதையின் பெயர் புகையிலைக் கம்பெனிகளுக்குக் கேடயமாகப் பயன்பட்டது.

டாலும் ஹில்லும் 1951-ல் பிரிட்டிஷ் டாக்டர்களின் புகைப் பழக்கத்தைக் குறித்து வைத்துக் கொண்டு அவர்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு முடிவு 2004-ல் வெளியாயிற்று. தொடர்ந்து புகைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிஞ்சியது. 50 வயதில் நிறுத்தியவர்களுக்கு 6 ஆண்டு; 40 வயதில் 9 ஆண்டு; 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறக்குறைய முழுப் பத்து ஆண்டும் மிஞ்சியது.

பிஷர் அதைப் பார்க்க உயிருடன் இல்லை. கடைசி ஆண்டுகளை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் கழித்தார். குடல் புற்று நோய்க்காக அங்கே ஆபரேஷன் நடந்தது. 1962 ஜூலை 29-ந் தேதி அவர் காலமானார். வயது 72.

கோடு வேலி ஆயிற்று

1956-ல் எழுதிய புத்தகத்தில், எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே எல்லையை வைத்துக் கொண்டு எந்த விஞ்ஞானியும் வேலை செய்வது இல்லை என்று பிஷர் தெளிவாகச் சொல்லி இருந்தார். அதை உலகம் காதில் போட்டுக் கொள்ளவில்லை. ஐந்து என்ற கோடு வேலி ஆயிற்று. இந்தப் பக்கம் வெற்றி. அந்தப் பக்கம் தோல்வி. இதனால் நான்கு தப்பு எண்ணங்கள் பரவின.

முதல் தப்பு: எல்லையைத் தாண்டினால் மருந்து பலிப்பது நூற்றுக்கு 95 நிச்சயம் என்று நினைப்பது. உதாரணமாக, ஆயிரம் மருந்துகளைச் சோதிப்பதாக வைத்துக் கொள்ளலாம். அவற்றில் 100 நல்ல மருந்து. 900 வெறும் சக்கை. நூறு நல்ல மருந்துகளில் 80 எல்லையைத் தாண்டுகின்றன. சக்கையிலும் நூற்றுக்கு ஐந்து, அதாவது 45, தற்செயலால் தாண்டி விடும். ஆக மொத்தம் தாண்டியவை 125. அவற்றில் 45 சக்கை! அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இரண்டாவது தப்பு: எல்லையைத் தாண்டிய மருந்து பெரிய மருந்து என்று நினைப்பது. ஆயிரக் கணக்கானவர்களிடம் சோதித்தால் கடுகளவு பலன்கூட எல்லையைத் தாண்டி விடும். நோயாளிக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பது வேறு கேள்வி.

மூன்றாவது தப்பு: எல்லையைத் தாண்டாவிட்டால் மருந்தில் பலனே இல்லை என்று தள்ளி விடுவது. இது உயிரையே பறித்தது. மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகினேஸ் என்ற மருந்தைப் பல நாடுகளில் சின்னச் சின்னச் சோதனைகளாகப் பார்த்தார்கள். பலவற்றில் ஆட்கள் போதவில்லை, எல்லையும் தாண்டவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டிப் பார்த்து இருந்தால், 1973-லேயே, 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் ஆனபோதே, மரணம் குறைவது தெரிந்து இருக்கும். இது 1992-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆனால் அந்த மருந்து பரவலாகக் கையாளப்பட்டது 1980-களின் பிற்பகுதியில்தான். இடையில் இறந்தவர்களில் எத்தனையோ பேர் பிழைத்து இருக்கலாம்.

நான்காவது தப்பு: முடிவைத் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்ததை எல்லாம் உண்மை என்று எடுத்துக் கொள்ளுவது. 1988-ல் மாரடைப்பு நோயாளிகள் 17,187 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஆஸ்பிரின் மாத்திரை உயிரைக் காக்கிறது என்று அதில் நன்றாகத் தெரிந்தது. முடிவைத் துண்டு போடுவதன் ஆபத்தைக் காட்ட, அந்த ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மேல்நாட்டு முறைப்படி பிறந்த தேதியை வைத்துப் பார்த்த ராசி அது. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகாது என்பது போலக் கணக்கு வந்தது! மாத்திரைக்கு ராசி தெரியாது. எத்தனை கூறு போட்டாலும் ஏதாவது ஒன்றில் தற்செயல் தலை காட்டும் என்பதே பாடம்.

2016-ல் அமெரிக்கப் புள்ளி விவர நிபுணர்களின் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ஓர் எல்லையைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து விஞ்ஞான முடிவோ, சர்க்கார் முடிவோ எடுக்கக் கூடாது என்று அதில் எச்சரித்தது.

பிஷர் தந்த கருவி பழுது அல்ல. தராசு எடையைக் காட்டும். பண்டத்தின் ருசியைக் காட்டாது. ஒரு மருந்து பலித்தது என்ற செய்தியைப் படிக்கும் எவரும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா? நூறு பேரில் எத்தனை பேருக்கு நன்மை? வேறு இடத்திலும் அதே முடிவு வந்ததா?

இந்த நான்குக்கும் பதில் கிடைக்கும் வரை அது நல்ல செய்தியாக இருக்கலாம். முடிந்த உண்மை ஆகாது.